எந்த நைட்ரஜன்? ஏரிகளின் நச்சுப்பாசி குறித்த ஒரு விவாதம்

கேள்வியின் பின்னணி

2014 ஆகஸ்ட் 2-ஆம் நாள் விடியற்காலையில், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள டொலிடோ நகர மக்களுக்கு ஓர் எச்சரிக்கை வந்தது: குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், கொதிக்கவைத்தும் குடிக்காதீர்கள். கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகி நச்சின் செறிவு கூடுமே தவிர நச்சு அழியாது. நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இரண்டு நாளுக்கு மேல் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. நகரத்துக்கு நீர் தரும் ஈரி ஏரியின் மேற்குப் பகுதியில் மைக்ரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசி பெருகி, நீர் எடுக்கும் இடத்தைச் சூழ்ந்திருந்தது. அதற்கு ஏழு ஆண்டுகள் முன்னர், 2007-இல், சீனாவின் தாய்ஹு ஏரியில் இதே பாசி பெருகியதால் ஊஷி நகரத்தில் ஏறத்தாழ 20 லட்சம் பேருக்குக் குடிநீர் இல்லாமற் போயிற்று.

நீலப்பச்சைப் பாசி என்று நாம் வழக்கமாகச் சொல்வது உண்மையில் பாசியன்று. ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா. அறிவியலார் அதைச் சயனோபாக்டீரியா என்பர். ஏரியில் சத்து மிகுந்தால் அது பெருகும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எந்தச் சத்து என்பதில்தான் அரை நூற்றாண்டாக வழக்கு நடக்கிறது. உழவர் சொல்லும் மணிச்சத்தா, தழைச்சத்தா? அதாவது பாஸ்பரஸா, நைட்ரஜனா? இந்த வழக்கு நடந்துகொண்டிருக்கையில் மூன்றாவது கேள்வி ஒன்று ஓரமாக நின்றுவிட்டது: நைட்ரஜன் என்றால் எந்த நைட்ரஜன்? நைட்ரேட்டாக வந்தாலும் அம்மோனியமாக வந்தாலும் யூரியாவாக வந்தாலும் பாசிக்கு எல்லாம் ஒன்றுதானா? இக்கட்டுரை அந்த மூன்றாவது கேள்வியை எடுத்துக்கொள்கிறது.

பாஸ்பரஸ் பெற்ற வெற்றி

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தின் வடமேற்கில், ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட சிற்றேரிகள் பல உண்டு. அவற்றுள் 226-ஆம் எண் ஏரி நடுவில் இடுப்புப்போல் ஒடுங்கியது. 1973-இல் டேவிட் ஷிண்ட்லரும் அவருடைய குழுவினரும் அந்த ஒடுங்கிய இடத்தில் நெகிழித் திரை ஒன்றை இறக்கி ஏரியை இரண்டாகப் பிரித்தனர். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் இட்டனர். மறு பாதியில் அவ்விரண்டோடு பாஸ்பரஸும் இட்டனர். பாஸ்பரஸ் இட்ட பாதி பச்சையாகியது. மற்றது தெளிவாகவே இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்த நிழற்படம் சூழலியல் வரலாற்றில் மிகுதியும் மறுபதிப்பான படங்களுள் ஒன்று. சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் குறைக்கவேண்டும் என்று வாதாடியவர்களுக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

அருகிலிருந்த 227-ஆம் ஏரியின் கதை நீண்டது. ஏறத்தாழ ஐந்து ஹெக்டேர் பரப்புள்ள அந்த ஏரிக்கு 1969 முதல் உரமிட்டார்கள். 1975-இல் நைட்ரஜன் அளவைக் குறைத்தார்கள். 1990-இலிருந்து நைட்ரஜனை அடியோடு நிறுத்திப் பாஸ்பரஸை மட்டும் இட்டார்கள். பாசி குறையவில்லை. காற்றிலுள்ள நைட்ரஜனை நேரடியாகப் பிடித்துக்கொள்ளும் வகைச் சயனோபாக்டீரியா மேலோங்கி, இல்லாத நைட்ரஜனைத் தாமே ஈட்டிக்கொண்டன. 37 ஆண்டுத் தரவுகளைத் தொகுத்து 2008-இல் ஷிண்ட்லர் குழு எடுத்த முடிவு: நைட்ரஜனைக் குறைப்பதால் பயனில்லை, பாஸ்பரஸைக் குறையுங்கள்.

இதற்கு முன்பே, 1983-இல், வால் ஸ்மித் 17 ஏரிகளின் தரவுகளை ஒப்பிட்டு, நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் இடையிலான எடை விகிதம் 29-க்குக் கீழே போனால் நீலப்பச்சைப் பாசி ஓங்கும் என்று எழுதியிருந்தார். இரண்டு ஆய்வுகளும் ஒரே திசையைக் காட்டின. நைட்ரஜனைக் குறைத்தால் விகிதம் இறங்கும், நீலப்பச்சைப் பாசிக்கு அதுவே வாய்ப்பாகிவிடும் என்ற அச்சம் நீர்நிலை மேலாண்மையில் வேரூன்றியது. ஸ்மித்தின் விகிதக் கணக்கு பின்னாளில் தளர்ந்தது. பாசியின் ஆதிக்கத்தை முன்கூட்டிச் சொல்ல, விகிதத்தைவிட மொத்தப் பாஸ்பரஸ் அளவே நன்றாக உதவுகிறது என்று டவுனிங், வாட்சன், மெக்காலி ஆகியோர் 2001-இல் காட்டினர். விகிதம் தளர்ந்தாலும் அச்சம் போகவில்லை.

227-ஆம் ஏரியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஒரு கேள்விக்காக ஓர் ஏரியை இத்தனை காலம் பொறுமையாகக் கவனித்த ஆய்வு உலகில் மிகக் குறைவு. ஆனால் அந்த ஏரி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைப் பிரித்துப் பார்க்கவேண்டும். அங்கே ஓங்கியது அபானிசோமெனான் போன்ற, நைட்ரஜனைத் தானே நிலைநிறுத்தும் வகை. டொலிடோவிலும் ஊஷியிலும் குடிநீரைக் கெடுத்த மைக்ரோசிஸ்டிஸுக்கோ காற்று நைட்ரஜனைப் பிடிக்கும் ஆற்றல் கிடையாது. அதற்குத் தேவையான நொதியே அதனிடம் இல்லை. தனக்கு வேண்டிய நைட்ரஜன் முழுவதையும் அது நீரிலிருந்துதான் எடுத்தாகவேண்டும். மேலும், நிலைநிறுத்தப்படும் நைட்ரஜன் ஏரியின் பற்றாக்குறையை முழுமையாக ஈடுகட்டுவதில்லை என்று 227-ஆம் ஏரியின் தரவுகளை வைத்தே ஸ்காட்டும் மெக்கார்த்தியும் 2010-இல் வாதிட்டனர். ஆகவே, ஒரு வகைப் பாசியிடமிருந்து பெற்ற பாடம் முற்றிலும் வேறான வகைக்குச் சட்டமாக்கப்பட்டிருக்கிறது. நைட்ரஜனின் வடிவம் பற்றிய கேள்வி உறங்கிப்போனதற்கு இதுவே முதற்காரணம் என்பது என் கருத்து.

உயிரணுவுக்குள் ஆகும் செலவு

எந்த வடிவத்தில் நுழைந்தாலும் நைட்ரஜன் கடைசியில் அம்மோனியமாக மாறினால்தான் உயிரணு அதை அமினோ அமிலத்தில் சேர்க்க முடியும். ஆகவே வடிவங்களுக்கிடையேயான வேறுபாடு, அம்மோனியமாவதற்கு முன் எவ்வளவு செலவு என்பதுதான்.

காற்று நைட்ரஜனுக்கு ஆகும் செலவே மிக அதிகம். ஒரு நைட்ரஜன் மூலக்கூறை இரண்டு அம்மோனியாவாக்க, உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபி 16-உம் 8 எலக்ட்ரான்களும் வேண்டும். இந்த வேலையைச் செய்யும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும் என்பதால், அபானிசோமெனான், அனபீனா போன்றவை தடித்த சுவருள்ள தனி உயிரணுக்களை அதற்கென்றே உருவாக்குகின்றன. அவற்றுக்கு ஹெட்டிரோசிஸ்ட் என்று பெயர். இரும்பும் மாலிப்டினமும் வேறு தேவை. அடுத்தது நைட்ரேட். அதை ஆற்றல் செலவிட்டு உள்ளே இழுத்து, முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு அம்மோனியமாகவும் மாற்றவேண்டும். ஒவ்வொரு நைட்ரேட்டுக்கும் எட்டு எலக்ட்ரான்கள் செலவாகும். அவை ஒளிச்சேர்க்கையிலிருந்தே வரவேண்டும். பாசி அடர்ந்து நீர் கலங்கி ஒளி குன்றிய ஏரியில் இது சிறிய செலவன்று.

அம்மோனியத்துக்கு இந்தச் செலவு ஏதுமில்லை. போதிய அம்மோனியம் இருக்கும்போது சயனோபாக்டீரியா நைட்ரேட் பக்கம் திரும்புவதே இல்லை. நைட்ரேட்டை இழுக்கும் புரதங்களையும் ஒடுக்கும் நொதிகளையும் உருவாக்கும் மரபணுக்கள் அடங்கிவிடுகின்றன. என்ட்சிஏ என்னும் கட்டுப்பாட்டுப் புரதம் இந்த மாற்றத்தை நடத்துகிறது. உயிரணுவில் நைட்ரஜன் பற்றாக்குறை தெரிந்தால் அது விழித்துக்கொள்ளும். அம்மோனியம் நிறைந்திருந்தால் ஒதுங்கிவிடும்.

யூரியா இவற்றுள் தனித்தன்மை உடையது. யூரியேஸ் நொதி ஒரு யூரியா மூலக்கூறை உடைத்தால் இரண்டு அம்மோனியமும் ஒரு கார்பன் டை ஆக்சைடும் கிடைக்கும். இந்தக் கார்பன்தான் கவனிக்கவேண்டியது. பாசி பெருகிய ஏரியில் பகல் நேரத்து ஒளிச்சேர்க்கை நீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொள்வதால் காரத்தன்மை ஏறுகிறது. பிஎச் 9-ஐத் தாண்டுவது வழக்கம். அப்போது மற்றப் பாசிகள் கார்பனுக்குத் தவிக்கும். மைக்ரோசிஸ்டிஸ் அந்த நேரத்தில் யூரியாவின் கார்பனையும் தன் உடலில் சேர்த்துக்கொள்கிறது என்பதை, கார்பன் ஐசோடோப்பைப் பின்தொடர்ந்து கிராஸ்ஃபெல்டும் உடன் ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. ஒரே பொருள் தழைச்சத்தாகவும் கார்பனாகவும் பயன்படுகிறது.

அம்மோனியத்துக்கும் ஓர் எல்லை உண்டு. பிஎச் 9.25 அளவில் நீரிலுள்ள அம்மோனியத்தில் பாதி, மின்னூட்டமற்ற அம்மோனியாவாகிவிடும். அது உயிரணுச் சவ்வை எளிதில் கடந்து ஒளிச்சேர்க்கையைத் தாக்கும் நஞ்சு. ஆகவே அம்மோனியம் எவ்வளவு கூடினாலும் பாசிக்கு நல்லது என்று கருதுவது தவறு. அளவும் பிஎச்-உம் சேர்ந்தே முடிவு செய்கின்றன.

ஆய்வகக் குடுவையை எவ்வளவு நம்பலாம்

மைக்ரோசிஸ்டிஸை நைட்ரேட்டிலும் அம்மோனியத்திலும் யூரியாவிலும் தனித்தனியே வளர்த்து ஒப்பிட்ட ஆய்வுகள் ஏராளம். அவற்றைச் சேர்த்துப் படிப்பவருக்குக் குழப்பமே மிஞ்சும். ஒன்றில் நைட்ரேட் முந்துகிறது, ஒன்றில் யூரியா, இன்னொன்றில் அம்மோனியத்தில் தொடக்கத்தில் வேகமாக வளர்ந்து பின் மடிகிறது. இந்த முரண்பாடுகளைக் கண்டு நைட்ரஜனின் வடிவம் முக்கியமில்லை என்று முடிவுகட்டிவிடுவோர் உண்டு. முரண்பாட்டின் வேர் பெரும்பாலும் குடுவையிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சயனோபாக்டீரியாவை வளர்க்க உலகெங்கும் பயன்படும் ஊடகம் பிஜி-11. அதில் லிட்டருக்கு ஒன்றரை கிராம் சோடியம் நைட்ரேட் கலக்கப்படுகிறது. கணக்கிட்டால் லிட்டருக்கு ஏறத்தாழ 250 மில்லிகிராம் நைட்ரஜன். மிகவும் மாசடைந்த ஏரிகளில்கூடச் சில மில்லிகிராமைத் தாண்டுவது அரிது. அந்த ஊடகத்தின் நைட்ரஜன் - பாஸ்பரஸ் அணு விகிதம் 75-க்கும் மேல். கடல் மிதவை உயிரிகளின் சராசரியாக ரெட்ஃபீல்டு கண்ட விகிதம் 16. பல ஆண்டுகள் இந்த நைட்ரேட் வெள்ளத்தில் வாழ்ந்து பழகிய ஓர் இனவகையை எடுத்து, அதே செறிவில் அம்மோனியத்தை இட்டால், அது நஞ்சால் சாகும். அந்தச் சாவு ஏரியைப் பற்றி எதையும் சொல்லாது.

இன்னொரு குறையும் உண்டு. ஏரியில் மைக்ரோசிஸ்டிஸ் கூழ் போன்ற உறைக்குள் நூற்றுக்கணக்கான உயிரணுக்கள் திரண்ட கூட்டமாக வாழ்கிறது. அந்தக் கூழில் வேறு பாக்டீரியாக்களும் குடியிருந்து, கழிவுகளை உடைத்து அம்மோனியத்தைத் திரும்பத் தருகின்றன. குடுவையில் சில தலைமுறைகளில் கூட்டம் கலைந்து ஒற்றை உயிரணுக்களாகிவிடுகிறது. போட்டியிடும் பிற பாசிகளும் அங்கே இல்லை. எந்த நைட்ரஜனில் மைக்ரோசிஸ்டிஸ் வேகமாக வளர்கிறது என்ற கேள்விக்குக் குடுவை ஓரளவு பதில் தரும். எந்த நைட்ரஜன் இருக்கும்போது அது மற்றவற்றை வெல்கிறது என்பதை ஏரியில்தான் கேட்கவேண்டும்.

ஏரிகள் தரும் சான்று

1994-இல் புளோம்க்விஸ்டும் உடன் ஆய்வாளர்களும், நைட்ரஜனை நிலைநிறுத்தாத சயனோபாக்டீரியா ஓங்குவதற்கு அம்மோனியமே திறவுகோல் என்று முன்மொழிந்தனர். நைட்ரேட் மிகுந்தால் டயட்டம்கள் போன்ற பிற பாசிகள் முந்தும்; அம்மோனியம் கிடைத்தால் மைக்ரோசிஸ்டிஸ் முந்தும்; இரண்டும் தீர்ந்தால் காற்று நைட்ரஜனைப் பிடிப்பவை வரும். அன்று துணிச்சலான கருதுகோளாக இருந்த இது, பின்வந்த ஏரி ஆய்வுகளில் கணிசமான ஆதரவு பெற்றிருக்கிறது.

தாய்ஹு ஏரி ஏறத்தாழ 2,340 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. சராசரி ஆழமோ இரண்டு மீட்டருக்கும் குறைவு. அங்கே ஷூ ஹாயும் ஹான்ஸ் பேர்லும் உடன் ஆய்வாளர்களும் பருவந்தோறும் ஏரிநீரில் சத்துகளைத் தனித்தனியே சேர்த்துப் பார்த்து 2010-இல் முடிவை வெளியிட்டனர். குளிர்காலத்திலும் வசந்தத்திலும் பாசியைத் தடுத்து நிறுத்தியது பாஸ்பரஸ் பற்றாக்குறை. கோடையிலும் இலையுதிர் காலத்திலும் நைட்ரஜன் பற்றாக்குறை. கோடை வெப்பத்தில் வண்டலிலுள்ள பாக்டீரியா நைட்ரேட்டை வாயுவாக்கி வெளியேற்றிவிடுகின்றன. அதே வண்டல் பாஸ்பரஸைக் கசியவிடுகிறது. மைக்ரோசிஸ்டிஸ் உச்சத்தில் இருக்கும் மாதங்களில் ஏரிக்குள் பாஸ்பரஸுக்குக் குறைவில்லை, நைட்ரஜனுக்குத்தான் குறைவு.

ஈரி ஏரியிலும் இதுவே. வசந்தத்தில் மௌமி ஆறு வயல்களிலிருந்து ஏராளமான நைட்ரேட்டைக் கொண்டுவருகிறது. ஆகஸ்டில் நைட்ரேட் அளவு மிகவும் தாழ்ந்துவிடுகிறது. பாசியோ நிற்பதில்லை. அப்போது அது எதைத் தின்று வாழ்கிறது? நியூவெல் குழு 2019-இல் வெளியிட்ட ஆய்வின் விடை: நீருக்குள்ளேயே சிதைவுறும் உயிர்ப்பொருளிலிருந்து திரும்பத் திரும்ப விடுபடும் அம்மோனியம். நீர் மாதிரியை எடுத்து அம்மோனியச் செறிவை அளந்தால் மிகக் குறைவாகவே தெரியும், ஏனென்றால் விடுபட்டதும் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. இருப்பை மட்டும் அளந்து வரவையும் செலவையும் அளக்காத கண்காணிப்புகள் இந்த ஓட்டத்தைக் காணத் தவறிவிட்டன. கனடாவின் புல்வெளி ஏரிகளில் லீவிட்டும் உடன் ஆய்வாளர்களும் பெரிய அடைப்புகளில் நடத்திய சோதனைகள், பாஸ்பரஸ் ஏற்கெனவே மிகுந்த நீரில் யூரியா சேர்ந்தால் நீரின் தரம் மேலும் கெடும் என்று காட்டின.

நச்சின் கணக்கும் இதோடு சேர்கிறது. மைக்ரோசிஸ்டிஸின் நச்சான மைக்ரோசிஸ்டின், ஏழு அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்த மூலக்கூறு. அதன் பரவலான வடிவமான மைக்ரோசிஸ்டின்-எல்ஆரில் பத்து நைட்ரஜன் அணுக்கள் உண்டு. எடையில் ஏறத்தாழ 14 விழுக்காடு. நைட்ரஜன் அற்றுப்போனால் இதை உருவாக்குவது உயிரணுவுக்குக் கட்டுபடியாகாது. பாசியின் அளவைப் பாஸ்பரஸ் நிர்ணயிக்கலாம். அது எவ்வளவு நச்சுடையது என்பதில் நைட்ரஜனுக்குப் பெரும்பங்கு உண்டு. குடிநீரில் இந்த நச்சு ஒரு லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வாழ்நாள் முழுதும் அந்த நீரைக் குடிப்பவருக்கான கணக்கு அது.

எதிர்வாதங்கள்

நைட்ரஜனைக் குறைக்கச் சொல்வோருக்கு எதிரான வாதங்களில் இரண்டு வலுவானவை. முதலாவது, நைட்ரேட் ஏரியின் அடிவண்டலை முழுமையாக ஆக்சிஜனற்ற நிலைக்குப் போகவிடாமல் காப்பதால், இரும்போடு பிணைந்த பாஸ்பரஸ் கசிவதைத் தடுக்கிறது. நைட்ரேட்டை மட்டும் குறைத்து அம்மோனியத்தை விட்டுவைத்தால் கேடு கூடலாம். இந்த வாதம் சரியானது. வடிவத்தைப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்ற நிலைப்பாட்டுக்கே அது வலுச்சேர்க்கிறது. இரண்டாவது, செலவு. கழிவுநீரிலிருந்து பாஸ்பரஸை நீக்குவதைவிட நைட்ரஜனை நீக்குவது பொதுவாகக் கடினம், விலையும் கூடுதல். இருக்கும் பணத்தை எதில் முதலில் போடுவது என்று நகராட்சி கேட்டால் பாஸ்பரஸ் என்றே நானும் சொல்வேன்.

2022-இல் ஹெல்வெகரும் உடன் ஆய்வாளர்களும் சயன்ஸ் இதழில் வெளியிட்ட கணினி மாதிரி ஒன்று பெரும் விவாதத்தைக் கிளப்பியது. ஈரி ஏரியில் பாஸ்பரஸை மட்டும் குறைத்தால் பாசி குறையும், ஆனால் எஞ்சிய பாசிக்கு ஒளியும் நைட்ரஜனும் கூடுதலாகக் கிடைத்து நச்சு கூடும் என்பது அதன் முடிவு. கடுமையான மறுப்புகள் வந்தன. ஒரு மாதிரியை வைத்துப் பாஸ்பரஸ் குறைப்பைத் தள்ளிப்போடுவது ஆபத்து என்ற மறுப்பாளர்களின் கவலை நியாயமானது. எனினும் அந்த மாதிரி கேட்ட கேள்வி தள்ளத்தக்கதன்று. பாசி குறைவதும் நச்சு குறைவதும் ஒன்றல்ல.

நம் வயலும் நம் ஏரியும்

நெல்வயல்களில் மண்ணின் தழைச்சத்து தானே நிரம்புவதற்கு நீலப்பச்சைப் பாசியே காரணம் என்று பி.கே. டே 1939-இல் காட்டினார். அந்த மரபில்தான் நம் வேளாண் நிலையங்கள் நீலப்பச்சைப் பாசியையும் அசோலாவையும் உயிர் உரமாக உழவர்களுக்குக் கொடுத்துவந்தன. வயலில் வேலை செய்பவை காற்று நைட்ரஜனைப் பிடிக்கும் வகைகள். யூரியாவைக் கொட்டினால் அவை நைட்ரஜன் பிடிப்பதை நிறுத்திக்கொள்ளும். கையில் அம்மோனியம் இருக்கையில் 16 ஏடிபியைச் செலவிட எந்த உயிரணுவும் முன்வராது. வயலின் நண்பனை ஓய்வுகொள்ளச் செய்யும் அதே யூரியா, வடிகால் வழியே ஏரிக்குப் போய் நைட்ரஜனைப் பிடிக்கத் தெரியாத மைக்ரோசிஸ்டிஸுக்கு உணவாகிறது.

இந்தியா ஆண்டுக்கு 350 லட்சம் டன்னுக்கும் மேல் யூரியாவைப் பயன்படுத்துகிறது. 2010-இல் மற்ற உரங்கள் சத்து அடிப்படையிலான மானியத்துக்கு மாற்றப்பட்டபோது யூரியா மட்டும் விலக்கப்பட்டது. 45 கிலோ மூட்டை, வரியும் வேப்பெண்ணெய்ப் பூச்சுக் கட்டணமும் நீங்கலாக, 242 ரூபாய். மற்றவை விலையேறி யூரியா மலிவாகவே நின்றதால் தழைச்சத்துப் பக்கமே தட்டு சாய்ந்தது. இதற்கு உழவரைக் குற்றஞ்சொல்வது அநியாயம். விலைக் கொள்கையின் விளைவு இது.

யூரியாவைத் தவிர இன்னொரு பெரிய ஊற்று நகரங்களில் இருக்கிறது. சுத்திகரிக்கப்படாத சாக்கடை நீரில் உள்ள நைட்ரஜனில் பெரும்பகுதி அம்மோனியம். நீர் தேங்கிய நெல்வயலிலும் மண்ணில் ஆக்சிஜன் இல்லாததால் அம்மோனியம் எளிதில் நைட்ரேட்டாக மாறுவதில்லை. ஈரி ஏரிக்கு வரும் ஆறு நைட்ரேட்டைச் சுமந்துவருகிறது. சாக்கடையும் நெல்வயல் வடிகாலும் கலக்கும் நம் ஏரிகளுக்கோ, மைக்ரோசிஸ்டிஸ் விரும்பும் வடிவமே நேராக வந்துசேர்கிறது. அமெரிக்க, கனடிய முடிவுகளை நம் நீர்நிலைகளுக்கு அப்படியே பொருத்துவது பிழை. சூட்டையும் ஆழமின்மையையும் சேர்த்துப் பார்த்தால் நமக்கு நெருங்கிய உறவு தாய்ஹுதான்.

ஆகவே என் முடிவு இது. பாஸ்பரஸ் குறைப்பு அடிப்படை. அதைக் கைவிட எந்தச் சான்றும் இல்லை. ஆனால் வெப்பமான, ஆழமற்ற, வண்டலில் பாஸ்பரஸ் குவிந்த ஏரியில் அது மட்டும் போதாது. அங்கே அம்மோனியத்தையும் யூரியாவையும் சேர்த்துக் கட்டுப்படுத்தவேண்டும். இந்தியக் குடிநீர்த் தரநிலை நைட்ரேட்டுக்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்றும் அம்மோனியாவுக்கு அரை மில்லிகிராம் என்றும் வரம்பு வைத்திருக்கிறது. அவை குடிப்பவரைக் காக்க வகுத்தவை; ஏரியைக் காக்க வகுத்தவை அல்ல. குடிநீர் தரும் ஏரிகளையும் அணைகளையும் கண்காணிக்கும் துறைகள் மொத்த நைட்ரஜன் என்ற ஒற்றை எண்ணோடு நிற்காமல், நைட்ரேட், அம்மோனியம், யூரியா மூன்றையும் தனித்தனியே, கோடை மாதங்களில் வாரந்தோறும் அளந்து மக்கள் பார்க்கும்படி வெளியிடவேண்டும். பாசி படர்ந்த நாள்களில் மைக்ரோசிஸ்டினையும் அளக்கவேண்டும். நம் பல்கலைக்கழகங்களின் தாவரவியல், நுண்ணுயிரியல் துறைகளுக்கு இதைச் செய்யும் திறன் இருக்கிறது. மாணவர்களை அந்தந்த ஊர் ஏரிக்கு அனுப்பி இப்பணியை இந்தக் கோடையிலேயே தொடங்குமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.